ரெஸ்ட்டு அண்ணனும் லீவு போட்ட ஸ்பேனர்களும்

உலகத்திலேயே ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாவம், ரொம்பக் களைச்சுப் போச்சு" என்று சொன்ன மனிதர் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் கொடைக்கானலில் இருந்தார். அவரோடு ஒரே லாட்ஜில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, புத்தி பேதலிக்காமல் இன்றைக்கு இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்றால், என் மனத்திடத்தை நீங்கள்தான் மெச்ச வேண்டும்.

அவர் பெயர் ரெஸ்ட்டு அண்ணே. அப்பா அம்மா வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள்தான், ஆதார் அட்டையிலும் அது இருக்கும். ஆனால் ஏரிக்கு இறங்குகிற சாலையில் டீக்கடைக்காரர் முதல் ஜீப் டிரைவர்கள் வரை எல்லாருக்கும் அவர் ரெஸ்ட்டு அண்ணேதான். எங்கள் பதினெட்டு அறை லாட்ஜுக்கு பிளம்பர், எலக்ட்ரீஷியன், பாய்லர்காரர் எல்லாம் அவர் ஒருவரே. நான் ரிசப்ஷன். என் பெயரும் அவருக்குத் தேவைப்படவில்லை. "ஏம்மா ரிசப்சனு" என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார்.

பூம்பாறையில் பூண்டு போடுகிற குடும்பம் அவருடையது. அங்கே கற்றுக்கொண்ட ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு கொடைக்கானலையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

"பூண்டு எடுத்த காட்டுக்கு ரெஸ்ட்டு விடுறோம். மூடை சொமக்குற குதிரைக்கு ரெஸ்ட்டு விடுறோம். இந்தச் சுத்தியல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியுமா உங்களால்? என்னாலும் முடியவில்லை.

சமையலறையில் மிக்ஸி ஓடினால் வாசலில் நின்று, "ஏலே மாரிமுத்து, நிப்பாட்டுலே. அது மூச்சு வாங்கட்டும்" என்பார். எங்கள் குக் மாரிமுத்து சட்னியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். அதனாலேயே எங்கள் லாட்ஜ் சட்னி எப்போதும் நறநறவென்று இருக்கும். கெஸ்டுகள் அதை மலைநாட்டு ருசி என்று நினைத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போவார்கள்.

சாதாரண நாளிலேயே இப்படி என்றால், ஆயுத பூஜை வந்தால் கேட்க வேண்டுமா? பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நாமெல்லாம் என்ன செய்வோம்? பொட்டு வைப்போம், கற்பூரம் காட்டுவோம், சுண்டலைத் தின்போம், அரை மணி நேரத்தில் அதே கத்தியால் வெங்காயம் நறுக்குவோம். சாமியும் கண்டுகொள்ளாது. ரெஸ்ட்டு அண்ணன் கண்டுகொள்வார்.

கொடுமை என்னவென்றால், ஊர் ஊராக லீவு விட்டு ஜனங்கள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு மலையேறி வருவதும் அதே நாலு நாளில்தான். பதினெட்டு அறையும் நிரம்பி வழியும். லாட்ஜுக்கு வருஷத்திலேயே பெரிய வேலை நாள் எதுவோ, அதுவே எங்கள் கருவிகளுக்கு வருஷத்தின் ஒரே லீவு நாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இது எதுவும் தெரியாது. பூஜை அன்று வெள்ளனே குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, கையில் பெரிய தாம்பாளத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரிசப்சனு, ஒன் ஆயுதமெல்லாம் எடு."

"எனக்கேதுண்ணே ஆயுதம்?"

"வாய் இருக்கு. அதைக் கழட்டி பூசையில வைக்க முடியாது. மத்ததைக் குடு."

காலிங் பெல், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், ஸ்கேல், பேனா ஸ்டாண்டு எல்லாம் தாம்பாளத்துக்குப் போயின. கம்ப்யூட்டரைத் தூக்க முடியாததால் திரைக்கு நடுவில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பதினோராம் நம்பர் அறைப் போர்வையை எடுத்து வந்து கழுத்துவரை போர்த்திவிட்டார். "குளுருதுல்ல அதுக்கு" என்று எனக்கு விளக்கம் வேறு.

என் மகளின் பேனா பென்சில்கூட அன்றைக்கு வீட்டில் சரஸ்வதி பூஜையில் இருந்தது. வருகிறவர்களை எதை வைத்து எழுதுவது? கைப்பையைத் துழாவினேன். அன்றைக்கு வந்த பன்னிரண்டு குடும்பங்களையும் என் ஐப்ரோ பென்சிலால்தான் ரெஜிஸ்டரில் ஏற்றினேன். அதுவும் ஒரு ஆயுதம் என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ரெஜிஸ்டரைப் புரட்டிய முதலாளி, "ஏம்மா, விரலெல்லாம் மையா ஒட்டுது, என்ன பேனா இது?" என்று கேட்டார். "இம்போர்ட்டட் சார்" என்று சொல்லித் தப்பித்தேன்.

மாரிமுத்துவின் கதை இன்னும் மோசம். கத்தி, அருவாமனை, தோல் சீவி எல்லாம் பூஜையில். அன்றைக்கு சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசாக மிதந்தது. தக்காளியைக் கையால் பிசைந்து போட்டான். முருங்கைக்காயை முழங்காலில் வைத்து உடைத்துக்கொண்டிருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். "அண்ணே, கேரட்டை என்னண்ணே பண்றது?" என்று அவன் அழாத குறையாகக் கேட்க, "பல்லு எதுக்குடா குடுத்திருக்கான் ஆண்டவன்? முழுசா வையி, கடிச்சுக்குவாக" என்றார் அண்ணன். வைத்தான். கடித்தார்கள்.

இன்னொரு வருஷம் பூசணிக்காய் கூத்து. கேட்டுக்கு முன்னால் நின்று பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, லாட்ஜ் ஜீப்பை மூன்று சுற்று சுற்றி ஓங்கிப் போட்டார். அது உடையவில்லை. எங்கள் சாலையோ செங்குத்தான இறக்கம். பூசணிக்காய் ஒரு குதி குதித்துவிட்டு ஏரியைப் பார்த்து உருள ஆரம்பித்தது. "புடிலே, புடிலே!" என்று அண்ணன் பின்னால் ஓட, மாரிமுத்து ஓட, பனிமூட்டத்தில் மூன்றும் மறைந்துபோயின. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு டூரிஸ்ட் வேன் பக்கத்தில் ஒரு அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இந்த ஊர் ஸ்பெஷலா? கிலோ எவ்வளவு?" என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் அந்த வேனையே மூன்று சுற்று சுற்றி, அந்த அம்மா கையாலேயே பூசணிக்காயை உடைக்க வைத்து, சிதறின துண்டுகளை ஒன்று விடாமல் ஓரமாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். "நல்ல கைராசி அந்தம்மாவுக்கு" என்றார்.

இப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஏழாவது வருஷம் கெடுத்தது ஒரு ரிவ்யூ.

ஏழாம் நம்பர் அறையில் குழாய் ஒழுகியிருக்கிறது. நாள் ஆயுத பூஜை. அண்ணன் போய்ப் பார்த்து, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில சரி பண்ணிருவோம் சார், இன்னைக்கு ஸ்பேனர் தூங்குது" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கெஸ்ட் ஊருக்குப் போய் ஆன்லைனில் எழுதினார்: "அறை நன்று. துண்டு நன்று. ஸ்பேனர் தூங்குகிறதாம். ஒரு ஸ்டார்."

எங்கள் முதலாளிக்கு திண்டுக்கல்லில் வேறு தொழில்கள் உண்டு. ரத்த அழுத்தத்தைவிட அதிகமாக ஸ்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருஷப் பூஜைக்கு ஒரு மாதம் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த வருசம் பூசைக்கு என் பொண்ணக் குடுக்கப் போற சம்பந்தி வீட்டுக்காரங்க மதுரையிலருந்து பதினோரு பேரு வந்து தங்கப் போறாங்க. ஏதாவது ஒன்னு நின்னுச்சு, ஒழுகுச்சு, தூங்குச்சுன்னு வையி, வேலை போயிரும்."

"அண்ணன்கிட்ட சொல்லிடறேன் சார்."

"அவன் வேலை இல்லம்மா. அவனை எப்படி அனுப்புறது? இந்தக் கட்டடத்துல எந்தப் பைப்பு எங்க போகுதுன்னு அவன் ஒருத்தனுக்குத்தான தெரியும்? ஒன் வேலை. மேற்பார்வை நீதான?"

என்ன நியாயம் பாருங்கள்! சிரித்திருப்பேன், ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. என் கணவர் திருப்பூரில் கம்பெனியில் இருந்தார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். லாட்ஜுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடு இந்த வேலையோடு வந்தது. அந்த வீடு இருந்ததால்தான் என் மகள் நடந்து போகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் படிப்பை நடுவருஷத்தில் பிடுங்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும்.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி மட்டும் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். சாமி விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்டுப் பார்த்ததில்லை. அதனால் குறுக்கு வழியில் இறங்கினேன். முதலில் ஒரு வாரம் அவரைத் துரத்தித் துரத்தி எல்லாக் குழாயையும் முறுக்க வைத்தேன். அப்புறம், பூஜைக்கு முதல் நாள், அவருடைய பெரிய பைப் ரெஞ்சைத் திருடினேன்.

ஆமாம், திருடினேன். அவசரத்துக்கு ஒன்றாவது பூஜைக்குப் போகாமல் வெளியே இருக்கட்டும் என்றுதான். லினன் அறையில் தலையணைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அந்த ரெஞ்சுக்கு அவர் வைத்த பெயர் பெரியவன். மற்றதெல்லாம் அவனுக்குத் தம்பிகள்.

மத்தியானம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க உட்கார்ந்தவர் அலறிக்கொண்டு வந்தார். "ரிசப்சனு, பெரியவனக் காணோம்!"

லாட்ஜையே தலைகீழாகப் புரட்டினார். சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

"என்னண்ணே எழுதிக் குடுப்பீங்க?"

"நீளம் ரெண்டடி, செவப்பு நெறம், கழுத்துல லேசாத் துருன்னு எழுதுவேன். வேற என்னத்த எழுத?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? "லினன் ரூம்ல தலகாணிக்கு அடியில ஏதோ கெடக்குற மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். ஓடிப்போய் எடுத்து வந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "குளுரு தாங்காம அங்க போயிப் படுத்திருக்கான் பாரு" என்றார். அவ்வளவுதான், பெரியவனும் ஸ்டோர் ரூமில் தம்பிகளோடு பூஜைப் போர்வைக்கடியில் போய்விட்டான்.

மறுநாள் விடியுமுன்பே பூஜையை முடித்துவிட்டார். காலை ஏழு மணிக்கு, சம்பந்தி வீட்டார் பதினோரு பேரும் குளிக்கத் தயாராகத் துண்டோடு நிற்கையில், பாய்லரிலிருந்து மேலே ஏறும் குழாய் மூட்டில் கழன்றுகொண்டது. பாய்லர் ரூம் முழுக்க ஆவி. அண்ணன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்து வால்வை மூடினார். பதினெட்டு அறைக்கும் வெந்நீர் நின்றது. கொடைக்கானல் ஐப்பசிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சம்பந்தத்தையே முறித்துவிடும்.

"ரெண்டு முறுக்குத்தான் ரிசப்சனு. பெரியவன் இருந்தா ரெண்டே முறுக்கு" என்றார். போர்வை இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துண்டைச் சுற்றி முறுக்கிப் பார்த்தார். சைக்கிள் டியூபைக் கட்டிப் பார்த்தார். வால்வைத் திறந்ததும் இரண்டும் பிய்த்துக்கொண்டு வந்தன. சட்டென்று அவர் முகம் தெளிந்தது. "வா வெரசா. ஆரோக்கியத்துக்கிட்ட போவோம். அவரு வேதக்காரரு. அவரு டூல்ஸுக்கு இன்னைக்கு லீவு கெடையாது!"

ஆரோக்கியம் அண்ணன் இரண்டு வளைவு தள்ளி ஜீப் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தார். எனக்கும் உயிர் வந்தது. மூச்சிரைக்க ஓடினோம். போய்ப் பார்த்தால், ஷாப் வாசலில் வாழைக்கன்று. மாவிலைத் தோரணம். உள்ளே பெஞ்சில் வரிசையாக ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சுண்டல்.

"என்னண்ணே, நீங்களுமா?" என்று கேட்டேன்.

"என்னம்மா பண்றது? வர்ற கஸ்டமர் பூரா ஜீப் டிரைவருங்க. பொட்டு வைக்காத ஸ்பேனரு பட்டா வண்டி நின்னுருமுங்கிறாங்க. இருவது வருசமா வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர். விஷயத்தைக் கேட்டதும், "அட, எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒன்னுமில்ல" என்று ரெஞ்சைத் தூக்கி நீட்டினார்.

ரெஸ்ட்டு அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "யாரு பொட்டு வச்சா என்ன ஆரோக்கியம், தூங்குறது தூங்குறதுதான். எழுப்பாதீக" என்றார். அந்த நிமிஷம் அவரை ஏரியில் தள்ளலாம் போலிருந்தது எனக்கு. அவர் சுண்டல் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்தால் ரிசப்ஷனில் முதலாளி. முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார்.

"சொன்னேன்ல? ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொன்னேன்ல? என் மானமே போச்சு. பெட்டியக் கட்டும்மா. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிரு. பொண்ணுக்கு டி.சி. வாங்கிக்க!"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் காலைத் தரையில் அறைந்து நடந்து மேலே போனார். பின்னால் நின்றிருந்த ரெஸ்ட்டு அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "டி.சி.யா? பாப்பாவுக்கா? எதுக்கு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலாளி சொன்னது, வீடு, பத்தாம் வகுப்பு, எல்லாம். அவர் கையிலிருந்த சுண்டலை என் மேஜையில் வைத்தார். விறுவிறுவென்று பூஜை போட்டிருந்த ஸ்டோர் ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

போர்வைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஓரத்தை மட்டும், தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி, மெல்ல விலக்கினார்.

"பெரியவனே, எந்திரிப்பா. அஞ்சே நிமிசம். நம்ம பாப்பா படிப்புச் சோலி. தம்பிகள எழுப்பாம நீ மட்டும் வா."

சந்தனம் குங்குமத்தோடு அவனைத் தூக்கிக்கொண்டு பாய்லர் ரூமுக்குப் போனார். சொன்ன மாதிரியே இரண்டு முறுக்கு. வால்வைத் திறந்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெரியவனைத் துண்டால் துடைத்து, புதிதாகப் பொட்டு வைத்து, பழைய இடத்திலேயே படுக்க வைத்துப் போர்த்தினார். பிறகு அந்தச் சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

மேலே பதினோரு பேரும் ஆவி பறக்கக் குளித்தார்கள். முதலாளி இறங்கி வந்து, "பாத்தியா, ஒரு சத்தம் போட்டேன், வேலை நடந்துச்சு" என்று பெருமையாகச் சொன்னார். டி.சி. பேச்சு அதோடு போயிற்று. வேறு எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கூட்டம் குறைந்ததும் தேடிப் போனேன். பாய்லர் ரூம் படியில், பொரி கடலைத் தட்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, என்னால ஒங்க பூசை கெட்டுப் போச்சே."

"அது கெடக்கட்டும். ஒரு மாசமா மனசுக்குள்ள வச்சிருந்திருக்கியே, ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா அப்படி?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பிறகு கண்ணைச் சுருக்கினார். "அப்ப, பெரியவனத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சதும் நீதான?"

தலையாட்டினேன். "களவாணி" என்றார், ஆனால் கோபம் போயிருந்தது.

"சாமி ஒன்னும் சொல்லாதாண்ணே?"

"இன்னைக்குப் பூசை யாருக்கு? சரஸ்வதிக்குந்தான? படிக்கிற புள்ளைக்காகன்னா அவ ஏன் கோவிக்கப் போறா? பெரியவன்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். லீவு நாள்ல வேலை வாங்கிட்டோம்ல. நாளைக்கும் அவனுக்கு லீவு. இப்பவே சொல்லிப்புட்டேன்."

"ஒரு வாரம் எடுத்துக்கட்டும்ணே. முதலாளி கேட்டா நான் பேசிக்கிறேன்."

"நெசமாவா?" என்று கேட்டு, அந்தக் காலையில் முதல்முறையாகச் சிரித்தார். பொரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது தெரியாமலிருக்க ஒரு கை நிறையப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கூடப் பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு அந்தப் படியை விட்டு எழுந்ததற்குப் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.